பத்தடிக் குழி

சந்திரனில் நம்மவர்கள் வண்டியை இறக்கிய வருஷம் அது. தக்காளி கிலோ நூற்றைம்பதுக்கு ஏறி, வெறும் புளியைக் கரைத்து ரசம் குடித்த வருஷம். ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தை கூடியபோது ஒரு பொட்டு மழை இல்லை. பல்லடத்திலிருந்து என் தங்கச்சி மகள் அன்புக்கரசி எனக்குக் கடிதம் போட ஆரம்பித்தது அந்த ஆடியில்தான்.

எனக்கு எழுத்து தெரியாது. கிணறு வெட்டப் போய், பாறைக்கு வேட்டு வைத்து வைத்து இரண்டு காதும் மந்தம். போனை வைத்தால் வண்டு குடைகிற சத்தம்தான் கேட்கும். அடுத்த வீட்டுத் தெய்வாத்தாள் எட்டாவது வரை படித்தவள், சத்துணவுக்கூடத்தில் சமைத்து ஓய்வுபெற்றவள். வந்த கடிதத்தை என் காதோரம் வாயை வைத்துக் கத்திப் படிப்பாள். நான் சொல்லச் சொல்ல எழுதுவாள். ஒரு தரம் காதில் விழுந்தது எனக்கு மறக்காது. என்னிடம் இருக்கிற படிப்பு அவ்வளவுதான்.

அன்புக்கரசியின் அப்பனோடு நான் பேச்சை விட்டு அப்போது ஐம்பத்தொரு வருஷம். ஒரு குழி வெட்டியதில் வந்த சண்டை. தங்கச்சி பாவாத்தாள் இறந்தபோதுகூட மயானத்தில் கோடித்துணி போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறினேன். அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு கடிதங்களைப் படித்தால் போதும்.

*

பல்லடம்
27-7-2023

மாமாவுக்கு அன்புக்கரசியின் கும்பிடு.

இங்கே ஆடிக்காற்றில் ஆளுக்கு ஒரு படி மண் தின்றுகொண்டு எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

பத்தாவது கணக்குப் பரீட்சையில் மறுபடியும் போய்விட்டேன் மாமா. முப்பத்தொன்று. நாலு மார்க் குறைவு. மற்றப் பாடங்களை முன்பே முடித்துவிட்டேன். பதினான்கு வருஷமாக அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் டீச்சரம்மா வருகிற மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். பத்தாவது பாஸ் இருந்தால் அந்த இடத்துக்கு நான் எழுதிப்போடலாம். இந்த வயதில் இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

மகள் பிரத்யுஷா என் விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தாள். "ஏம்மா, உனக்குக் கணக்கு நல்லாத்தான் வருது. எண்ணுக்குத் தலைமேல சின்னதா ஒரு எண்ணு குந்தியிருக்குதல்ல, அந்த அடுக்கைக் கண்டாத்தான் பேயறைஞ்சாப்புல ஆயிடறே. செய்யற தப்பையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வை" என்றாள். எழுதி வைத்தேன். நோட்டை மூடினால் தப்பும் மறந்துபோகிறது, மறுநாள் அதையே செய்கிறேன். "எங்கண்ணன் காதுல போட்டது கல்லுல வெட்டுனாப்புல" என்று அம்மா சொல்லும். அதனால் என் தப்புகளை இனி உங்கள் காதில் போட்டு வைக்கப் போகிறேன். நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மறக்காமல் இருந்தால் போதும்.

முதல் தப்பு. 2³ என்பதை 6 என்று எழுதினேன். இரண்டை மூன்றால் பெருக்கிவிட்டேன். அது தப்பு. இரண்டையே மூன்று தடவை வைத்துப் பெருக்க வேண்டும்: 2×2×2 = 8. மேலே இருப்பவன் பெருக்க வந்தவன் அல்ல, எத்தனை தடவை என்று சொல்ல வந்தவன். அடியில் இருப்பவனுக்கு அடிமானம் என்று பேர். ஒரே அடிமானமாக இருந்தால் மேலே உள்ளவர்களைத்தான் கூட்டிக் கழிக்க வேண்டும், அடிமானத்தை அசைக்கக் கூடாது.

இன்னொன்று மாமா. நான் பாஸாகிவிட்டால் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். மயானத்துக்கு அல்ல, வீட்டுக்கு. வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அன்புக்கரசி

*

அந்தியூர்
16-8-2023

அம்மணி அன்புக்கரசிக்கு மாமன் ஆறுச்சாமி சொல்லி எழுதுவது.

முட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் அதனோடு இருக்கிறது. மற்றபடி குறையில்லை. மாப்பிள்ளை ரவிக்குமாருக்குத் தறி ஒழுங்காக ஓடுகிறதா? பிரத்யுஷா காலேஜுக்கு எந்த பஸ்ஸில் போகிறாள்? சினையாக இருந்ததாகக் கேள்விப்பட்ட வெள்ளாடு என்ன போட்டது? உங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த வேப்பமரத்தை ரோடு போட வெட்டப்போவதாகச் சொன்னார்கள், வெட்டிவிட்டார்களா?

உன் தப்பு வந்து சேர்ந்தது. இனி அது போகாது. ஒரே ஒரு தொந்தரவு. தெய்வாத்தாள் என் காதில் கத்தினது தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. மறுநாள் பால்காரன் சைக்கிளை நிறுத்தி, "ஏனுங்க, ரெண்டுக்கு மேல மூணு குந்துனா ஆறா எட்டாங்க?" என்கிறான். "எட்டுடா" என்றேன். "அப்ப எனக்கும் ரெண்டு லிட்டருக்கு எட்டு லிட்டர் கணக்கு எழுதிக்குங்க" என்கிறான். சந்தைக்குக் குதிரை கொண்டுவந்த ஆட்கள் வரைக்கும் நீ கணக்கில் போனது தெரிந்துவிட்டது. வெட்கப்படாதே. அவர்களில் பாஸானவன் எவனும் இல்லை.

அடுத்த தப்பை அனுப்பு.
மாமன்

(இது தெய்வாத்தாள் எழுதுவது. கடைசியில் நீ கேட்டிருந்ததையும் படித்துக் காட்டினேன் அம்மணி. "காது கேக்குல" என்றார். திரும்பவும் படித்தேன். "மழை வருமாட்ட இருக்குது" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.)

*

பல்லடம்
5-9-2023

அன்பு மாமாவுக்கும் தெய்வாத்தாள் அக்காவுக்கும் வணக்கம்.

வெள்ளாடு இரண்டு கிடாய் போட்டது. வேப்பமரம் தப்பித்தது. சந்திரனில் வண்டி இறங்கியதை அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குப் போனில் காட்டினேன். "அங்கயும் சத்துமாவு குடுப்பாங்களா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். என்னை டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டாள். நான் திருத்தவில்லை.

இரண்டாவது தப்பு. கூட்டுவதா பெருக்குவதா என்கிற குழப்பம். ஒரே அடிமானம் உள்ள இரண்டு எண்களைப் பெருக்கினால் அடுக்குகளைக் கூட்ட வேண்டும். a² × a³ = a⁵. நான் ஆறு போட்டிருந்தேன். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அடுக்குக்கு வெளியே இன்னொரு அடுக்கு வந்தால்தான் பெருக்க வேண்டும். (a²)³ = a⁶. இப்போது புரிந்துவிட்டது. நானாகவே ஒன்று போட்டுப் பார்த்தேன்: 2³ × 2⁴ = 4⁷. மூன்றும் நாலும் ஏழு. சரியாகக் கூட்டியிருக்கிறேன் பாருங்கள்.

மழை வந்ததா மாமா? இங்கே எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

கால் நனையாமல் நடமாடுங்கள்.
அன்புக்கரசி

*

அந்தியூர்
22-10-2023

அம்மணிக்கு மாமன் நலம் கேட்டு எழுதுவது.

கடிதம் தாமதமானதற்கு என் காய்ச்சலைச் சொல்லலாம். நாலு நாளில் போய்விட்ட காய்ச்சல் அது. மீதி நாட்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதை விடு.

எனக்குக் கணக்கு தெரியாது. ஆனால் ஆடி மாசக் கடிதத்தில், "அடிமானத்தை அசைக்கக் கூடாது" என்று எழுதினாய். ஆவணிக் கடிதத்தில் இரண்டும் இரண்டும் சேர்ந்து நாலாகி, அந்த நாலின் தலையில் ஏழு குந்தியிருக்கிறது. அடியில் இருந்த இரண்டு எப்போது நாலானது? எந்தக் கடிதம் பொய்? தெய்வாத்தாளிடம் சொன்னேன். பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்ணா, புள்ள மாட்டிக்கிச்சு" என்றாள்.

இனி நீ கேட்ட விஷயம். உன் அம்மா இருந்தவரை அவளும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ பெரியவளானபோது தாய்மாமன் சீர்த் தட்டைத் தெய்வாத்தாளின் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினவன் நான். அது சரியில்லை என்று எனக்கும் தெரியும். அதனால் சொல்கிறேன்: நீ பாஸானால் வாரேன். ஆகாவிட்டால் அதற்கப்புறம் யாரும் என்னிடம் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

மாப்பிள்ளை, பேத்தி, ஆட்டுக்குட்டிகள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.
மாமன்

*

பல்லடம்
6-1-2024

மாமாவுக்கு மார்கழிக் குளிரோடு ஒரு கும்பிடு.

நீங்கள் சொன்னதுதான் சரி. பொய் சொன்னது ஆவணிக் கடிதம். 2³ × 2⁴ என்பது 2⁷, அதாவது 128. நான் போட்ட 4⁷ என்பது 16384. எங்கே இருக்கிறது, எங்கே போயிருக்கிறேன் பாருங்கள். தெரு சிரிக்கட்டும். பிரத்யுஷா உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "எழுத்துத் தெரியாத தாத்தா கண்டுபிடிச்சுப்போட்டாரு, பரீட்சை எழுதற நீ கண்டுபிடிக்கில" என்று ஒரு வாரம் விடவில்லை.

உங்கள் வார்த்தை கிடைத்த பிறகு தினமும் காலையில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். பரீட்சை பங்குனியில். மேலும் மூன்று தப்புகளைப் போட்டு வையுங்கள்.

அடுக்கு சைபராக இருந்தால் விடையும் சைபர் என்று எழுதிவந்தேன். அப்படியில்லை. 2³ எட்டு, 2² நாலு, 2¹ இரண்டு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் பாதியாகிறது. இன்னொரு படி இறங்கினால் 2⁰. இரண்டில் பாதி ஒன்று. அதற்கும் கீழே இறங்கினால் அரை, கால், அரைக்கால். ஆகவே 2⁻³ என்பது எட்டில் ஒரு பங்கு. மேலே கழித்தல் குறி இருப்பதால் விடை கழித்தலில் போகாது, சின்னதாகத்தான் போகும்.

அடுத்தது: (−3)² என்றால் 9. அடைப்புக்குறி இல்லாமல் −3² என்றால் −9. அடுக்கு தனக்கு ஒட்டினாற்போல் இருப்பதைத்தான் பிடிக்கும்.

கடைசித் தப்பு மட்டும் மண்டையில் ஏற மறுக்கிறது. (2a)³ என்பதை 2a³ என்று எழுதினேன். புத்தகத்தில் 8a³ என்று இருக்கிறது. விதியை மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் மனசு ஒப்பவில்லை. ஒரு பக்கம் a இருக்கிற பெட்டியை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் பெட்டி இரண்டு மடங்குதானே ஆகும்? எட்டு எங்கிருந்து வருகிறது? ஒப்பாததைப் பரீட்சை அறையில் கை எழுதாது மாமா. போன தடவையும் இதில்தான் அஞ்சு மார்க் போனது.

பொங்கல் நன்றாக நடக்கட்டும்.
அன்புக்கரசி

*

அந்தியூர்
28-1-2024

அம்மணிக்கு மாமன் எழுதச் சொன்னது. பொங்கல் ஆயிற்று, உடம்பு தேவலை, தெய்வாத்தாளுக்கு மட்டும் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறது.

இந்தத் தடவை நீதான் சரி. புத்தகம் தப்பு. எனக்குக் கணக்கு தெரியாது என்று சொன்னேன், ஆனால் இந்தக் கணக்கை நான் கடப்பாரையால் போட்டிருக்கிறேன்.

விவசாயிகள் கட்டைவண்டிகளை விட்டுக் கோயமுத்தூர் ரோட்டையெல்லாம் அடைத்தார்களே, அந்த வருஷம் சித்திரை. வெங்கடபதி தோட்டத்தில் மஞ்சள் வெந்து காய்ந்து களத்தில் குவிந்து கிடந்தது. குழி வெட்டி அதில் மஞ்சளைப் போட்டு மூடிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நீளம், அகலம், ஆழம் எல்லாம் அஞ்சடி என்று ஒரு குழி சொன்னார். நான், மாரப்பன், ராக்கியப்பன், இன்னொரு ஆள், ஆக நாலு பேர் ஒரே நாளில் வெட்டி முடித்தோம். பாதி மஞ்சள்கூட அடங்கவில்லை. "எல்லாப் பக்கமும் ரெட்டிப்பாப் பத்தடிக்கு இன்னொண்ணு வேணும் ஆறுச்சாமி. எத்தனை நாளு புடிக்கும்?" என்றார். ஆட்களுக்குத் தலை நான்தான். "ரெண்டு நாளுங்க" என்றேன். நீ இப்போது போட்ட அதே கணக்கு.

இரண்டு நாளில் முடிந்திருக்க வேண்டும். எட்டு நாள் ஆனது. அஞ்சாம் நாள் கோடைமழை அடித்துக் களத்து மஞ்சள் நனைந்து கறுத்துப்போனது. கணக்கில் தப்பில்லை அம்மணி, ஆளில்தான் தப்பு. இரண்டாம் நாள் மத்தியானம் கடப்பாரையைப் போட்டுவிட்டு அரைநாள் போனவன் ஒருத்தன். அவன் ஒழுங்காக வெட்டாததால்தான் அத்தனையும் நடந்தது. யாரென்று உனக்குத் தெரியும். எட்டாம் நாள் தோட்டக்காரரையும் ஆட்களையும் வைத்துக்கொண்டே கேட்டேன். "வெட்டறதுக்கு வந்தயா, நெழல்ல குந்தறதுக்கு வந்தயா? ஆறு நாளைத் தின்னுபோட்டயேடா" என்றேன். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவன், அந்த மாசமே உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பல்லடம் போய்விட்டான்.

ஆகவே இரண்டு மடங்கு என்றால் இரண்டுதான். தைரியமாக எழுது.
மாமன்

*

அந்தியூர்
25-2-2024

(கார்டு)

அம்மணிக்கு. நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்றா? அந்தக் குழி சமாசாரத்தை நான் சொல்லியிருக்கக் கூடாதோ? தெய்வாத்தாள் அப்போதே, "இதை எழுதோணுங்களாண்ணா?" என்று கேட்டாள். எழுது என்றேன். ஒரு வரி போடு.
மாமன்

*

பல்லடம்
10-3-2024

அன்பு மாமாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். கோபம் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த வாரமே பதில் எழுதி, கிழித்துப்போட்டேன். அப்படி மூன்று கடிதம்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அங்கன்வாடியில் பிள்ளைகள் தூங்கிய பிறகு விளையாட்டு மரக்கட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஒரு கட்டைதான் உங்கள் அஞ்சடிக் குழி. நீளத்தை ரெட்டிப்பாக்க இன்னொன்று வைத்தேன், இரண்டு. அகலத்தையும் ரெட்டிப்பாக்க வேண்டுமே, பக்கத்தில் இரண்டு வைத்தேன், நாலு. ஆழம் மிச்சமிருந்தது. நாலுக்கு மேலே நாலு வைத்தேன்.

எட்டு மாமா.

பிறகு காகிதத்திலும் போட்டேன். அஞ்சடிக் குழியில் 5³, நூற்றிருபத்தஞ்சு கன அடி மண். பத்தடிக் குழியில் 10³, ஆயிரம் கன அடி. ஒரு நாளைக்கு நூற்றிருபத்தஞ்சு வெட்டுகிற நாலு பேர் ஆயிரம் வெட்ட எட்டு நாள் வேண்டும். ஒரு நாள் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அதிலும் ஒரு ஆள் அரைநாள் இல்லை. அவ்வளவு மண்ணையும் அதே எட்டு நாளுக்குள் தள்ளியிருக்கிறீர்கள் என்றால், திரும்பி வந்த பிறகு அந்த ஆள் உட்கார்ந்திருக்க முடியாது.

இதைத் தெய்வாத்தாள் அக்கா உங்கள் காதில் மெதுவாகச் சொல்லட்டும் என்று எழுத நினைத்தேன். மூன்று கடிதங்களைக் கிழித்தது அதனால்தான். ஆனால் அன்றைக்கு எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அதனால் அக்கா, உரக்கவே படியுங்கள்.

எனக்கு இப்போது மனசு ஒப்பிவிட்டது. (2a)³ = 8a³.

அடுத்த மாதம் பரீட்சை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அன்புக்கரசி

*

அந்தியூர்
8-5-2024

அம்மணி அன்புக்கரசிக்கு,

உயிரோடும் நினைப்போடும் இருக்கிறேன். இரண்டு மாசம் பதில் போடாதவனுக்கு நலம் விசாரிக்க வாயில்லை, இருந்தாலும் எல்லோரும் சுகம்தானே?

தெய்வாத்தாள் உரக்கத்தான் படித்தாள். நீ எழுதினபடி தெருவுக்கே கேட்டது. பால்காரன்கூடச் சிரிக்கவில்லை. "நல்லாக் காதுல விழுகுல, திருப்பிப் படி" என்றேன். விழுந்தது அம்மணி. முதல் தரமே விழுந்தது.

நம்பவில்லை நான். மேற்குத் தெருவில் வீடு கட்டுகிற இடத்துக்குப் போய்ச் செங்கல் எடுத்து அடுக்கினேன். ஒன்றை வைத்து, நீளம் அகலம் உயரம் எல்லாவற்றையும் ரெட்டித்தேன். எட்டு வந்தது. கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினேன். கொத்தனார் பார்த்துவிட்டு, "ஏனுங்க பெரியவரே, செங்கல்லு வேணும்னா நாலு எடுத்துட்டுப் போங்க, எதுக்கு எண்ணியெண்ணிப் பாக்கறீங்க?" என்றான்.

வெட்டின எட்டு நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எந்த நாள் கல் வந்தது, எந்த நாள் யார் கஞ்சி கொண்டுவந்தார்கள், எல்லாம். எல்லாம் ஞாபகம் இருக்கிறவனுக்குத் தப்பு வராது என்று இருந்துவிட்டேன். "ரெண்டு நாளுங்க" என்று சொன்னது என் வாய். மழையில் மஞ்சள் போனதும் தோட்டக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பக்கத்தில் இருந்தவன்மேல் தள்ளினேன். அரைநாள் எதற்குப் போனாய் என்று அவனைக் கேட்கவே இல்லை.

நாளை கழித்து உனக்கு ரிசல்ட் என்று தெய்வாத்தாள் சொன்னாள். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் தபாலில் ஏறிவிட வேண்டும். பாஸானால் வாரேன் என்று சொன்னேனே, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தப்புச் செய்தவன் நான், உனக்கு நிபந்தனை போட எனக்கு என்ன யோக்யதை? நீ பாஸானாலும் ஆகாவிட்டாலும் வாரேன், உன் அப்பன் வரச் சொன்னால். அவனிடம் கேட்டு எழுது. வேண்டாம் என்றால் அதையும் அப்படியே எழுது.

மாமன்

(இது கடிதத்தில் இல்லை, தெய்வாத்தாள் பிற்பாடு சேர்த்தது: எழுதி முடித்ததும் தபால் பெட்டி வரைக்கும் அவரே நடந்து வந்தார். உள்ளே விழுந்ததா என்று கையை விட்டுப் பார்த்தார்.)

*

பல்லடம்
12-5-2024

மாமாவுக்குக் கோடிக் கும்பிடு.

ரிசல்ட் வெள்ளிக்கிழமை வந்தது. உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஐம்பத்தாறு மார்க். பாஸ்! தெருவுக்குக் கேட்கிற மாதிரிப் படியுங்கள் தெய்வாத்தாள் அக்கா. ஐம்பத்தாறு!

நீர்த்தொட்டிக் கணக்கு ஒன்று வந்தது. பக்கங்களை ரெட்டித்தால் கொள்ளளவு எத்தனை மடங்கு என்று. எனக்கு மரக்கட்டையும் ஞாபகம் வரவில்லை, விதியும் ஞாபகம் வரவில்லை. உங்கள் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டுதான் விடை எழுதினேன். நாளைக்கு டீச்சரம்மாவின் இடத்துக்கு விண்ணப்பம் கொடுக்கப் போகிறேன்.

இத்தனை மாதமாக அப்பாவைப் பற்றி நானும் எழுதவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன். அப்பா இங்கே எங்களோடு நன்றாக இருக்கிறார். வயது எண்பத்திரண்டு, தடி ஊன்றி நடக்கிறார், காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் உங்கள் கடிதத்தை அவருக்கு நான் கத்தித்தான் படித்தேன், உங்களுக்கு எழுதியே அப்படிப் பழகிவிட்டது. "எனக்கு எதுக்கு அம்மணி கத்தறே? ஒங்க மாமன்தான் செவுடு" என்றார்.

முழுக்கக் கேட்டுவிட்டு தடியை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "எட்டா?" என்றார். "ஆமாங்கப்பா, எட்டு." "எனக்கு எண்ணத் தெரியாது. ஆனா மண்ணு நெறையன்னு தோளுக்குத் தெரிஞ்சுது. சொன்னா வேலைக்குச் சோம்பேறித்தனம்னு நெனப்பாங்கன்னு சொல்லுல" என்றார். அந்த அரைநாள் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். "உங்கம்மாளுக்குக் காய்ச்சல் அனலாக் கொதிச்சுது. பவானி ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்." "மாமாகிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?" "அவன் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வரட்டும். ஆனா எத்தனை மணி நேரத்துல வாரேன்னு அவன் சொன்னாலும் அதை எட்டால பெருக்கிப்போட்டு அப்புறம் ஒலைய வை. இல்லீன்னாச் சோறு ஆறிப்போகும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார் மாமா. அம்மா போன பிறகு இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

எந்த நாள் என்று எழுதுங்கள்.
அன்புக்கரசி

*

அந்தியூர்
17-5-2024

அம்மணி அன்புக்கரசிக்கு மாமனின் ஆசி. நலம்.

ஐம்பத்தாறைத் தெய்வாத்தாள் மூன்று தரம் கத்தினாள். பால்காரன் தெருவில் இருந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் டீ போடப் பால் ஊற்றினான்.

வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம். தெய்வாத்தாளும் வருகிறாள். ஈரோடு, திருப்பூர், பல்லடம். எத்தனை மணிக்கு வந்து சேருவோம் என்று நான் சொல்ல மாட்டேன். இனிமேல் எந்த வேலைக்கும் நான் நாள் சொல்வதாக இல்லை. உனக்கு ஒரு சேலை எடுத்திருக்கிறேன், டீச்சரம்மா கட்டுகிற மாதிரி. இந்தத் தட்டை நானே தூக்கிக்கொண்டு வருவேன்.

ஒரு விஷயம் மட்டும் மனசில் கிடந்து அறுக்கிறது. எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்ன சொல்லை, அதே ஆட்களை வைத்துக்கொண்டுதான் திரும்ப வாங்க வேண்டும். யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பவானியில் பாலம் தொட்டுத் தண்ணி போன வருஷம் புரட்டாசியில் மாரப்பன் போனான். ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று சொன்ன மறுவாரம் தோட்டக்காரர் வெங்கடபதி போனார், நோட்டை மாற்றக் கூட்டம் நின்றதால் சாவுக்கு ஆளே இல்லை. கொரோனா இரண்டாவதாக வந்தபோது ராக்கியப்பன் போனான். முகம்கூடப் பார்க்க விடவில்லை. குழியின் கரையில் நின்று அந்தச் சொல்லைக் காதால் கேட்டவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது உன் அப்பன் பாலுசாமி ஒருத்தன்தான்.